இரகசியக் கேள்வி: உங்கள் தாயின் குடி

1

நான் வேலை செய்யும் கம்பனி லெஸ்டர் நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய களஞ்சியசாலையில் இருக்கிறது. சப்பாத்து முதல் சமையல் பாத்திரம் வரை இங்கிருந்துதான் கடைகளுக்குப் போகின்றன. மேல்மாடியில் கணினி உதவிப் பிரிவு. நாங்கள் நான்கு பேர். யாருக்காவது கணினி திறக்கவில்லை என்றால் எங்களுக்குத்தான் போன் எடுப்பார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அன்றைக்கு எத்தனை அழைப்பு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் போனது என்று அதில் எழுத வேண்டும். எங்கள் மனேஜர் மார்ட்டின் காலையில் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் ஊற்றுவார்.

போன மாதம் அவர் எங்களைக் கூப்பிட்டு, வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை கடவுச்சொல்லை மறந்தவர்களுடையவை என்றார். திங்கட்கிழமை இன்னும் மோசம். சனி ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். ஆகவே இனி அவர்களே புதிய கடவுச்சொல்லைப் போட்டுக்கொள்ள ஒரு பக்கம் செய்வோம், ஒரு இரகசியக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் போதும், எங்கள் நேரமும் மிச்சம், அவர்கள் நேரமும் மிச்சம் என்றார். கேள்விகளைத் தெரிவு செய்யும் வேலையை எனக்குத் தந்தார். எனக்குப் பட்டியல் போடப் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் தந்த தாளில் எட்டுக் கேள்விகள் இருந்தன. முதலாவது: உங்கள் தாயின் குடும்பப் பெயர் என்ன? நான் பேனையை எடுத்து அதை வெட்டினேன்.

"ஏன்? எல்லா வங்கியும் இதைத்தானே கேட்கிறது" என்றார் மார்ட்டின்.

"எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் தெரியும்."

"இது உங்கள் ஊர் இல்லையே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவரில் பிழை இல்லை. அதே கிழமை கொழும்பிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்ததை அவர் அறியமாட்டார். ஐந்து வருடத்துக்கு முன் கல்முனையில் நடந்த ஒரு காரியத்தைப் பற்றி அதில் கேட்டிருந்தார்கள். இந்தக் குறிப்புகளை எழுத வைத்தது அந்த மின்னஞ்சல்.

2

இங்கே வந்த முதல் மாதத்திலிருந்தே பெயரால் எனக்குத் தொல்லை. படிவங்களில் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் வாப்பாவின் பெயர், அதாவது தகப்பன் பெயர், பின்னால் என் பெயர், அவ்வளவுதான். கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள். வாப்பாவின் பெயரை அதற்குள் போட்டேன். இப்போது வைத்தியரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் வாப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். கல்முனையில் கடை வைத்திருக்கும் வாப்பாவிடம் இதைச் சொன்னேன். "நல்லம்தானே மகள், விசா இல்லாம நானும் லண்டனுக்கு வந்தாச்சு" என்றார்.

குடும்பப் பெயர் இல்லையே தவிர எங்களுக்கு வேறு அடையாளம் உண்டு. கல்முனைப் பக்கத்து வாசகர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் கரையோர ஊர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. அது தாய் வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்காரர் உடன்பிறந்தவர்கள் மாதிரி, அவர்களுக்குள் கலியாணம் இல்லை. பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பார். கலியாணம், வழக்கு, ஜனாஸா அடக்கம் எதுவானாலும் குடிக்காக அவர்தான் கதைப்பார். வீடும் அப்படித்தான் பெண் பக்கம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் பேசுவார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். தங்கைக்கு வீடு கட்டி முடியும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட காக்காமார் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருந்தார்கள். அண்ணனை நாங்கள் காக்கா என்போம், அக்காவை ராத்தா.

எங்கள் குடியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருகாலத்தில் அது என் பூட்டின் திறப்பாக இருந்தது.

3

சுனாமி வந்த மறு வருடம் எனக்கு இருபத்தொரு வயது. கணினி டிப்ளோமா முடித்திருந்தேன். வீடு கட்டிக் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கல்முனையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து ஒபிஸ் திறந்தது. பெயர் வேண்டாம். படிவங்களைக் கணினியில் ஏற்ற ஒரு ஆள் தேவை என்றார்கள். வாப்பா என்னை விடமாட்டேன் என்றார். அந்த ஒபிஸில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்த றமீஸ் வீட்டுக்கு வந்து வாப்பாவுடன் கதைத்தார். அவர் எங்கள் குடி. ஆகவே எனக்கு றமீஸ் காக்கா.

"சாச்சா, நான் இருக்கன்தானே. காலையில வேனில ஏத்தி, அஸர் தொழுகைக்கு முந்தி வாசல்ல இறக்கி விடுவன். என்ட தங்கச்சி சிபானா எப்புடியோ இவவும் எனக்கு அப்புடித்தான்."

சொன்னபடியே செய்தார். ஒரு நாளும் பிந்தவில்லை. தையல் வகுப்புக்குப் போகும் சிபானாவும் அதே வேனில் வருவாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். பின் ஆசனத்தில் என் தோளில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை முழுவதும் சொல்லி முடிப்பாள்.

ஒபிஸில் பொறுப்பாளரைத் தவிர ஊர்க்காரர் எட்டுப் பேர், மூன்று கணினி, ஒரு ஜெனரேட்டர். முகாம்களில் நிரப்பிய படிவங்களைப் பார்த்துப் பதிந்து, வீடு கிடைக்கப்போகிறவர்களின் பட்டியலைத் தயாரிப்பது என் வேலை. பட்டியலில் பெயர் விழுந்த வரிசையில்தான் வீட்டு இலக்கம் வரும். அந்த நாளில் எங்கள் கரையில் வீடென்றால் அந்தப் பட்டியல்தான்.

முதல் கிழமையில் நான் கண்டவற்றைக் கொப்பியில் எழுதி வைத்தேன்.

ஒன்று, பொறுப்பாளர் எரிக்கின் கடவுச்சொல் அவருடைய திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.

இரண்டு, காலையில் யார் கணினியைத் திறக்கிறாரோ அவருடைய பெயரில்தான் பின்னேரம்வரை எல்லாரும் வேலை செய்கிறார்கள். மூடித் திறந்தால் வேலை மினக்கெடும் என்கிறார்கள்.

மூன்று, ளுஹர் தொழுகைக்கு எழும்பிப் போகும்போது ஒருவரும் கணினியைப் பூட்டுவதில்லை.

நான்கு, ஒருவர் லீவு என்றால் வீட்டுக்கு போன் எடுத்து அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கிறார்கள். போனை எடுப்பது அவருடைய உம்மாவாக இருந்தாலும் பதில் கிடைக்கிறது.

எரிக் ஒரு நெட்டையான பொறியியலாளர், எங்கள் வெயிலில் எப்போதும் சிவந்துபோய் இருப்பார். அந்தக் கொப்பியை வாசித்துவிட்டு, ஒவ்வொரு திங்களும் அரை மணி நேரம் எல்லாருக்கும் கணினிப் பாதுகாப்புப் பற்றி வகுப்பு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிக் கடவுச்சொல். எழுந்தால் பூட்ட வேண்டும். யாருக்கும் சொல்லக் கூடாது, உம்மாவுக்கும் சொல்லக் கூடாது.

"டீச்சர் வாறா, எல்லாரும் பூட்டுங்க" என்பார் றமீஸ் காக்கா. "ஏன் புள்ள, டொயிலட்டுக்கும் ஒரு பாஸ்வேர்ட் போடுவமா?"

"போடலாம் காக்கா. நீங்க மறந்துட்டு வந்து நிப்பீங்க, அதான் யோசிக்கிறன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மறதிதான் பிறகு பெரிய பிரச்சினையாகிவிட்டது. தனித்தனியாகக் கடவுச்சொல் வந்ததும் ஆளுக்கு ஆள் மறந்தார்கள். காலையில் என் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். என் படிவங்கள் குவிந்தன. எரிக் ஒரு வழி செய்தார். திரையில் 'மறந்துவிட்டேன்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் ஒரு கேள்வி வரும், பதில் சரியென்றால் புதிய கடவுச்சொல்லைப் போடலாம். அவர் போட்ட கேள்வி, தாயின் குடும்பப் பெயர். எட்டுப் பேரில் ஒருவருக்கும் அதற்குப் பதில் இல்லை. நான்தான் சொன்னேன், இதை நாங்கள் 'உங்கள் தாயின் குடி' என்று மாற்றுவோம் என்று. நானே தமிழில் எழுதினேன், எட்டுப் பேரின் பதிலையும் நானே வாங்கிப் பதிந்தேன்.

நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். எரிக்குக்குக் குடி என்றால் என்னவென்று தெரியாது. கொழும்பில் தெரியாது. எங்கோ இருந்து கணினிக்குள் நுழையப் பார்க்கும் எந்தத் திருடனுக்கும் தெரியாது. யாருக்கு எதிராகப் பூட்டுகிறேன் என்று யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். நான் வெளியாருக்கு எதிராகப் பூட்டினேன். ஊருக்குள் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத ஆள் இல்லை.

காலை வரிசை மறைந்தது. வேலை விரைவாக நடந்தது. வேனுக்காக சிபானா ஒபிஸில் காத்திருந்த ஒரு பின்னேரம், அவளுக்கு அந்தப் பொத்தானை அழுத்தியும் காட்டினேன். "எட, இவ்வளவுதானா" என்றாள்.

4

மைமூனா மாமியின் படிவத்தை நான்தான் பதிந்தேன். சாய்ந்தமருது முகாமில் இருந்தவர். தோணியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அன்று காலை கடற்கரைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவளுக்குப் பதினேழு. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் ஒரு ஆணின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். தம்பியின் பெயரையாவது சொல்லுங்கள் என்றிருக்கிறார்கள். மறுத்துவிட்டு நேரே ஒபிஸுக்கு வந்தார்.

"வீடு என்ட. கடல் கொண்டு போனதும் என்ட பேர்ல இருந்த வீடுதான். ஆம்புளட பேர் எதுக்கு?" என்றார் என்னிடம்.

அவருடைய பெயரையே பதிந்தேன். வீட்டு இலக்கம் முப்பத்தேழு. துண்டில் எழுதிக் கொடுத்தபோது அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "மூத்தவளக் கரை சேத்துடுவன் மகள்" என்றார்.

அதற்குச் சில கிழமைகளின் பின் இறக்காமத்தில் வாப்பாவின் மூத்த ராத்தா மௌத்தானார். வீட்டோடு எல்லாரும் மரண வீட்டுக்குப் போனோம். மூன்று நாள் நின்றோம். நெல் வேளாண்மை பால் பருவத்தில் நின்றது, யானைக் காவலுக்குப் போகிறவர்கள் மையித்து வீட்டுக்கு வந்துவிட்டு அப்படியே வயலுக்குப் போனார்கள். நாலாம் நாள் காலை நான் ஒபிஸுக்குத் திரும்பினேன். என் கடவுச்சொல் திறக்கவில்லை. மூன்று தரம் அடித்தேன். ஜெனரேட்டர் நின்று வந்ததில் ஏதோ குழம்பியிருக்கும் என்று எண்ணி, 'மறந்துவிட்டேன்' பொத்தானை அழுத்தி, குடியை எழுதி, புதியது ஒன்றைப் போட்டு உள்ளே போனேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை. எவ்வளவு வசதி என்று சந்தோஷப்பட்டேன். கொப்பியிலும் எழுதினேன்: கடவுச்சொல் வேலை செய்யவில்லை, புதுப்பித்தேன்.

பாதுகாப்பு வகுப்பு எடுத்தவள் நான். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, ஏன் என்று கேட்காமல் அடுத்த படிவத்தை எடுத்தேன்.

5

வீட்டுத் திறப்புகளைக் கொடுத்த கிழமை மைமூனா மாமி துண்டோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். முப்பத்தேழில் வேறு ஆட்கள் பாய் விரித்திருக்கிறார்கள் என்றார். பட்டியலைத் திறந்தேன். அவருடைய பெயர் நீக்கப்பட்டிருந்தது. காரணம்: இரட்டைப் பதிவு. அந்த இடத்தில் அடுத்த கட்டத்துக்கான பட்டியலில் இருந்த ஒரு பெயர் ஏற்றப்பட்டிருந்தது. சிபானா. மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர்.

திகதியைப் பார்த்தேன். நான் இறக்காமத்தில் இருந்த இரண்டாம் நாள்.

எரிக் இரண்டு நாள் விசாரித்தார். முதல் நாள், நான் ஊரில் இல்லை என்றேன். அப்படியென்றால் உங்கள் கடவுச்சொல்லை யாருக்கோ கொடுத்திருக்கிறீர்கள் என்றார். கொடுக்கவில்லை என்றேன். அன்று ஒபிஸில் நின்றது யார் என்று கேட்டார். எல்லாரும் றமீஸ் காக்காவைப் பார்த்தார்கள், ஒபிஸ் திறப்பு அவரிடம்தான் இருக்கும்.

"நான் அண்டைக்கு முழுக்க முகாம்ல சேர்" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "சின்னப் புள்ள சேர். மையித்து வீட்டு அவசரத்துல ஆருக்கும் பாஸ்வேர்டச் சொல்லியிருப்பா. வேணுமெண்டு செஞ்சிருக்க மாட்டா. மன்னிச்சு விடுங்க."

எனக்காகக் கெஞ்சினார். அதை இன்றைக்கும் என்னால் தாண்ட முடியவில்லை. என்னைக் குற்றம் சாட்டியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். மன்னிக்கச் சொன்ன மனிதருக்கு எதிராக அந்த அறையில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சிபானா அவருடைய தங்கை என்பது அந்த அறையில் எரிக்கைத் தவிர எல்லாருக்கும் தெரியும். படிவத்தில் குடிக்குக் கட்டம் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஊரில் பாதிப் பேருக்கு ஒன்றுதான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு எங்கள் குடியின் மரைக்கார் வீட்டுக்கு வந்தார். றமீஸ் காக்காவின் உம்மாவும் கூட வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"சிபானாட கலியாணக் காவின் எழுதிப் பன்னெண்டு நாள்" என்றார் மரைக்கார். "வீடு இல்லாட்டி மாப்புள வீட்டார் நிக்க மாட்டாங்க. றமீஸ் அரைவாசி கட்டின வீட்டக் கடல் கொண்டு போயிட்டு. அந்தப் பொடியன் என்ன செய்யிற? மைமூனாக்கு அடுத்த திட்டத்துல வீடு வரும், நான் பொறுப்பு. ஆருக்கும் நட்டமில்ல. குடிட பேர் ஒபிஸுக்குள்ள போகப்படா மகள்."

"எனக்கு?" என்று கேட்டேன்.

"ஒனக்கு என்ன? நீ படிச்ச புள்ள."

வாப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார். உம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "அவன் ஒனக்கு காக்கா" என்றார்.

இரண்டாம் நாள் எரிக் கேட்டார், இந்தப் புதிய பெயருக்குரிய பெண் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்றேன்.

வேலை போனது. குடியேறியவர்களும் சுனாமியில் வீடிழந்தவர்கள்தான், அவர்களை எழுப்ப முடியாது என்று முடிவானது. மைமூனா மாமி அடுத்த திட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த திட்டத்துக்கான காணியில் வழக்கு வந்தது. பிறகு நாட்டில் சண்டை கூடியது. நிறுவனம் ஒபிஸை மூடிவிட்டுப் போனது. விதவையின் வீட்டைக் கணினியில் மாற்றிய பெண் என்று என்னைச் சந்தையில் காட்டிக் கதைத்தார்கள். எனக்குப் பேசியிருந்த ஒரு கலியாணம் நின்றது. பிறகு நிந்தவூர்க்காரர் ஒருவர் இங்கிருந்து வந்து என்னைக் கலியாணம் முடித்தார். கதையை முழுவதும் கேட்டார், திருப்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு.

6

என் மகளுக்கு இப்போது மூன்று வயது. பாலர் பள்ளியில் அவளைக் கூட்டிவர நானோ அவளுடைய வாப்பாவோ போக முடியாத நாளில், போகிறவர் ஒரு இரகசியச் சொல்லைச் சொல்ல வேண்டும். சேர்க்கும் நாளிலேயே அதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நான் நன்றாக யோசித்து ஒரு சொல் கொடுத்தேன். இரண்டாம் நாளே அவள் அதைப் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதை மாற்றினேன். அதையும் சொன்னாள்.

வீட்டில் நான் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்கிறாள். சோறு, தண்ணி, வா, போ, இவை மட்டும் எஞ்சியிருக்கின்றன. என் குடிதான் அவளுடைய குடி. அதை அவளுக்கு இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை அதுவல்ல. அந்தச் சொல்லை வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

7

கொழும்பிலிருந்து வந்த மின்னஞ்சல் இது. சண்டை முடிந்தபடியால் நிறுவனம் திரும்பி வருகிறது. காணி வழக்கும் தீர்ந்துவிட்டது. கடைசித் திட்டமாக மிச்ச வீடுகளைக் கட்டப்போகிறார்கள். பழைய பட்டியலில் உண்மையாக இடம் பெற்றிருந்தவர்களுக்கே முதலிடம். மைமூனா என்ற பெண் முறையிட்டிருக்கிறார். கோப்பிலோ அவர் பெயர் இரட்டைப் பதிவு என்று நீக்கப்பட்டிருக்கிறது, நீக்கியது நீங்கள். அது சரியான நீக்கமா, பிழையா? பிழை என்றால் எப்படி நடந்தது? இரண்டு கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் கோப்பில் உள்ளபடியே முடிவெடுக்கப்படும்.

மாமியின் வீடு என் பதிலில் தொங்கியது. ஐந்து வருடமாக அவருக்கு வீடு வரவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நான் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை சிபானா போன் எடுத்தாள். ஐந்து வருடத்தில் முதல் தரம்.

"ராத்தா, சுகமா? மகள் கதைக்கிறாளா?"

"கதைக்கிறாள். இங்கிலீசு."

"என்ட மூத்தவன் வாயே மூடுறல்ல. உங்களுக்கு மெயில் வந்த எண்டு காக்கா சொன்னார்."

"அவருக்கு எப்புடித் தெரியும்?"

"காக்காவத்தானே ராத்தா புதுத் திட்டத்துக்குப் பொறுப்பா போடப்போறாங்க. ஒபிஸ்ல கதைச்சிருக்காங்க. அவர் கதைக்க வெக்கப்படுறார். நீங்க ஒரு வரி எழுதினாப் போதும். நான் தெரியாமச் செஞ்ச பிழை எண்டு. மைமூனா மாமிட பேர் திரும்ப லிஸ்டுல ஏறிடும். காக்காக்கும் ஒண்டுமில்ல, எனக்கும் ஒண்டுமில்ல. நீங்க லண்டன்ல இருக்கீங்க, உங்கள ஆர் கேக்கப்போறா?"

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதை நானும் போட்டுப் பார்த்திருந்தேன். எல்லாருக்கும் வீடு, எல்லாருக்கும் வேலை, எனக்குப் பழைய கெட்ட பெயர்.

"அப்ப, ஆர் செஞ்ச எண்டு உனக்குத் தெரியும்" என்றேன்.

அவளுக்குப் பின்னால் ஒரு பிள்ளை அழுதது, யாரோ தூக்கினார்கள்.

"காக்காக்குக் கொம்பியூட்டர் எங்க ராத்தா வரும்? அந்தப் பட்டன் எங்க இருக்கு எண்டு நான்தான் காட்டின. புதுப் பாஸ்வேர்டுக்கு என்ன போடுற எண்டு தெரியல்ல, என்ட பேரத்தான் போட்ட."

"குடிய ஆர் டைப் பண்ணின?"

"நான்தான். என்டயும் அதுதானே ராத்தா."

கோபமில்லாமல், ஒளிக்காமல் சொன்னாள். அவளுக்கு அது ஒரு களவாகவே படவில்லை. வீட்டுக்குள் இருக்கும் ஒரு அலுமாரியைத் திறந்த மாதிரி. ஐந்து வருடமாக நான் ஒரு ஆணை வெறுத்துக்கொண்டிருந்தேன். தங்கைக்கு வீடு வேண்டும் என்று தவித்த காக்கா, அவருக்கு ஒரு நியாயமாவது இருந்தது என்று சில வேளைகளில் எண்ணியிருக்கிறேன். என் தோளில் சாய்ந்திருந்தவளை ஒரு நாளும் எண்ணவில்லை. என் வேலை போன கிழமை அவள் அந்த வீட்டுக்குத் திரைச்சீலை தைத்திருக்கிறாள்.

"காக்காட வேல போயிடும் ராத்தா."

"புதுப் பட்டியலும் அவர்ட கையிலதானே வரப்போகுது?"

"அவர் இனி அப்புடிச் செய்ய மாட்டார்."

"அந்தப் பட்டியல்ல ஆர்ட பேர் இருக்கும், எத்தின மைமூனா இருப்பாங்க எண்டு உனக்கும் தெரியா, எனக்கும் தெரியா" என்றேன். பிறகு போனை வைத்துவிட்டேன்.

8

பதிலை இரண்டு நாள் எழுதினேன். ஐந்து விடயங்கள்.

ஒன்று, மைமூனாவின் பதிவு இரட்டைப் பதிவு அல்ல. நானே அவரைக் கேட்டுப் பதிந்தேன்.

இரண்டு, நீக்கம் நடந்த நாளில் நான் இறக்காமத்தில் இருந்தேன். திரும்பி வந்த காலையில் என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை என்று என் கொப்பியில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் பிரதி இத்துடன்.

மூன்று, இரகசியக் கேள்வியைத் தெரிவு செய்தது நான். ஊர் முழுவதற்கும் தெரிந்த ஒன்றை இரகசியம் என்று வைத்தேன். பிழையின் அந்தப் பகுதி என்னுடையது.

நான்கு, மாற்றியவர்கள் இன்னார். இந்த இடத்தில் இரண்டு பெயர்களையும் அவர்களுடைய உறவையும் எழுதினேன். சிபானாவை வீட்டை விட்டு எழுப்பக் கூடாது, ஆனால் பட்டியலை றமீஸின் கையில் கொடுக்கக் கூடாது என்றும் எழுதினேன்.

ஐந்து, விசாரணையின் இரண்டாம் நாள் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொன்னேன். அது பொய்.

அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. கோப்பு திரும்பத் திறக்கப்படுகிறது, முடிவு பின்னர் அறிவிக்கப்படும். வேறொன்றும் இல்லை. வீட்டிலிருந்து உம்மா இரண்டு கிழமையாக போன் எடுக்கவில்லை. மரைக்கார் வாப்பாவின் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாராம்.

மைமூனா மாமியின் இலக்கத்தை ஊரிலிருந்து தேடி எடுத்தேன். இன்னும் சாய்ந்தமருதில்தான், ஒரு வாடகை அறையில். மூத்தவளுக்கு இருபத்திரண்டு. இரண்டு இடத்தில் கேட்டு வந்தவர்கள் வீடு இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். என் பெயரைச் சொன்னேன். அவர் வைத்துவிடுவதற்குள், ஐந்து விடயங்களையும் வரிசையாகச் சொன்னேன்.

"அப்ப நீ செய்யல்லயா?" என்றார்.

"இல்ல மாமி. ஆனா ஆர் எண்டு தெரிஞ்சும் சொல்லல்ல. தெரியாது எண்டு சொல்லிட்டன்."

"அஞ்சு வருசம். ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு ஒன்ட பேரச் சொல்லி, ஒனக்கு நாசம் வரட்டும் எண்டுதான் பதுவா கேட்ட. ஒனக்குப் புள்ள இருக்கா?"

"ஒரு மகள்."

"சுகமா இருக்காளா?"

"ஓம் மாமி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ரோட்டில் ஒரு ஐஸ்கிரீம் வேன் பாட்டோடு போவது போனில் கேட்டது.

"வீட்ட எடுத்த எண்டு கேட்ட பதுவாவ நான் திருப்பி எடுக்கிறன்" என்றார். "தெரியாது எண்டு சொன்னியே மகள். அதுக்கு உள்ள பதுவாவ எடுக்க மாட்டன்."

"சரி மாமி" என்றேன்.